தீவுக்குப் போக இருந்த தம்பி

காசு கொடுத்து எதை வாங்கினாலும் நாலு இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வாங்குவேன். அது என் பழக்கம். அதனால் ஆவணி மாதத்தில் என் தம்பி சுப்ரமணி ஒரு வழவழப்பான தாளைக் கொண்டுவந்து, மாலத்தீவுப் பக்கம் ஒரு தீவு விடுதி, நாலு ராத்திரி, இது கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டபோது நான் சிரிக்கவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்றைக்கு ஏன் படகுகளைத் தெற்கே அனுப்பினேன் என்று கேட்டீர்கள். அதற்கு இங்கிருந்துதான் வர வேண்டும் இன்ஸ்பெக்டர் ஐயா.

என் பெயர் பாவாடை. வயது அறுபத்தொன்பது. எங்கள் மீனவப் பஞ்சாயத்துக்குப் பத்தொன்பது வருடமாகத் தலைவர். எனக்கு முன்னால் என் அப்பா. கடல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வீட்டு வேலை. வருடத்தில் பாதி நாள் வடக்கே இழுக்கும், பாதி நாள் தெற்கே. ஐப்பசியில் அது என்றைக்குத் திரும்பும், எந்த நேரத்தில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அந்த மாதத்தில் ஊர் என் வாயைப் பார்த்துத்தான் வலை ஏற்றும். கையில் கருவி வைத்திருக்கிறவர்களும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போக மாட்டார்கள்.

சொன்னபடி விசாரித்தேன். நெல்லித்தோப்பில் பயண ஏற்பாடு செய்கிற கடைக்கு நானே போனேன். சிவசங்கரி என்று ஒரு பெண், மரியாதையாகப் பேசினாள்.

“அந்தக் கடல்ல என்ன மீன் படும்மா?”

“அங்க மீன் புடிக்க மாட்டாங்கய்யா. கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பாப்பாங்க.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு வந்து சாப்புடுவாங்க.”

“பாத்த மீனையா?”

“இல்லைங்கய்யா, அது தனியா வெளியிலேர்ந்து வருது.”

குடிதண்ணீர், அரிசி, காய்கறி, எல்லாமே வெளியிலிருந்துதான். அந்தத் தீவுக்குச் சொந்தமாக இருப்பது மணலும் கடலும் மட்டும். எங்கள் வாசலில் இருப்பதும் அதுதான்.

தம்பி மனைவி கார்குழலியிடமும் கேட்டேன். இருபத்தெட்டு வருடமாக மீன் கூடையோடு தெருத்தெருவாக நடக்கிறவள். பிள்ளை இல்லை.

“நம்ம ஊர்ல கடல் இல்லியாம்மா?”

“இருக்குது மாமா. அதுல கால நனைச்சிக்கிட்டுச் சும்மா ஒக்கார முடியுதா? ஒக்காந்தா, ஏண்டி இன்னும் கூடை எடுக்கலன்னு நாலு பேரு கேப்பாங்க. ஒங்க தம்பியே கேப்பாரு.”

சுப்ரமணி பக்கத்தில் நின்று சிரித்தான். நான் ஒரு வாரம் யோசித்தேன். பிறகு, தகாது என்று சொன்னேன். சரிண்ணே என்று தலையாட்டினான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் நான் சொன்னால் முடிந்ததுதான்.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் ஏலம் போடுகிற இடத்தில் நின்றிருந்தேன். மூலக்குளத்து ஐஸ் வியாபாரி வெற்றிவேல் வந்தான். கடலில் முழங்கால் நனையாத ஆள்.

“தலைவரே, இனிமே நீங்களும் நானும் ஒரே படகு” என்றான்.

“எந்தப் படகு?”

“தெரியாதா? பாதி இப்ப என்னுது. தம்பி சொல்லலியா? பொண்டாட்டிக்குத் தீவு காட்டப் போறாராம். பாவம், ஆசைதான. நீங்க காட்டல, நான் காட்டுறேன்.”

அறுபது பேர் இருந்தார்கள். கூடைக்காரப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

அந்தப் படகுக்கு என் தாயார் அங்கம்மாளின் பெயர். அப்பா சாகும்போது எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து, பங்காளிக்கு வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன படகு. சுப்ரமணியை வீட்டுக்கு வரச் சொன்னேன். நான் குரலை உயர்த்தவில்லை.

“எங்கிட்டக் கேட்டியே, நான் சொன்னேனே.”

“தகுமான்னுதாண்ணே கேட்டேன். போவலாமான்னு கேக்கலியே.”

அவனே மேலும் சொன்னான்: “எனக்கு அம்பத்தஞ்சு ஆவுது. அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. என் பங்கத்தான வித்தேன்.”

சரி, போய்ட்டு வா என்றேன். அவன் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் மன்னித்துவிட்டதாக நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் வெற்றிவேல் பெயிண்டரை அனுப்பி, என் தாயார் பெயருக்குக் கீழே தன் மகன் பெயரை எழுதவைத்தான். அபி. நீல எழுத்து, என் தாயார் பெயரைவிடப் பெரிதாக.

ஐப்பசி நாலாம் தேதி செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அவர்களுக்கு விமானம். போவதற்கு முன் ஒரு நடை என்று சுப்ரமணி கடலுக்குப் போனான். கூட, கார்குழலியின் அண்ணன் விமல்ராஜ். விடியற்காலையில் வடக்கே இழுக்கிறது என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். எட்டு மணிக்கு எஞ்சினில் வலை சுற்றி, அலையில் படகு கவிழ்ந்தது. விமல்ராஜ் படகைப் பிடித்துக்கொண்டான். சுப்ரமணியின் கைக்குக் காலி டீசல் கேன்தான் கிடைத்தது. அவனை நீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த வழியாக வந்த படகுக்காரர்கள் கொஞ்ச நேரம் தேடிப்பார்த்துவிட்டு, மூச்சுத் திணறிய விமல்ராஜைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது மணி பத்து.

இருபத்திரண்டு படகு புறப்படத் தயாராக நின்றது. எந்தப் பக்கம் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றேன். எங்கள் அப்பா அப்படித்தான் பார்ப்பார். கண்ணை மூடினால் கெண்டைக்காலில் இழுப்புத் தெரியும். அவசரப்படாமல் நின்றேன். பிறகு கரையேறி, திரும்பிடுச்சு, தெக்க போங்க என்றேன்.

“இல்ல மாமா, வடக்கதான் போனாரு. நான் கண்ணால பாத்தேன்” என்றான் விமல்ராஜ்.

“தண்ணி குடிச்சிருக்கான், தலை சுத்துது அவனுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க” என்றேன். கூட்டிப் போனார்கள். உங்கள் ஆட்களும் என்னைக் கேட்டுக்கொண்டு தெற்கே போனார்கள் ஐயா. வீராம்பட்டினம் தாண்டி, இருட்டுகிற வரைக்கும் தேடினார்கள். யாரும் சோம்பலாகத் தேடவில்லை. கார்குழலி என் காலைப் பிடித்துக்கொண்டு, நீங்கதான் மாமா கொண்டாந்து தரணும் என்றாள். அழாதேம்மா என்று அவளுக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் வடக்கே, கூனிமேட்டுக்கு நேரே கிடைத்தான். கைலியைக் கிழித்து மணிக்கட்டைக் கேனோடு கட்டியிருந்தான். புதன்கிழமை காலை வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று உங்கள் டாக்டர் சொன்னார். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு மூச்சுக்கட்டு அதிகம், தண்ணீரில் நெடுநேரம் தாங்குவான்.

செய்ய வேண்டியதை முறையாகச் செய்தேன். மூன்று நாள் ஊரில் ஒரு படகும் இறங்கவில்லை. வெற்றிவேல் சாவு நடந்த படகு தனக்கு வேண்டாம் என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தான். நீல எழுத்தை நானே சுரண்டினேன். கருமாதியும் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் பஞ்சாயத்துக் கூடியது. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். தம்பி போன துக்கத்தில் பெரியவரை யாரும் குறை சொல்லக் கூடாது என்றார்கள். வயசாச்சு, கால்ல உணர்ச்சி கொறஞ்சிருக்கும், இனிமே இழுப்பு பாக்கறத நம்ம வெற்றிச்செல்வன் பாத்துக்கட்டும் என்றார்கள். வெற்றிச்செல்வன் எங்கள் ஊர்ப் பையன், முப்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு படகுக்காரர்களில் ஒருவன்கூட எனக்காக வாயைத் திறக்கவில்லை. கூடப்பிறந்தவன் செய்ததைத் தாங்கிக்கொண்டேன். ஊர் செய்ததைத் தாங்க முடியவில்லை. விமல்ராஜ் டீக்கடையில் உட்கார்ந்து, கெழவனுக்குக் கணக்குத் தப்பிடுச்சி என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறான்.

அதனால்தான் இன்றைக்கு நானாகவே பஸ் ஏறி ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன். நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முக்கியமாக இதைத் தெளிவாக எழுதுங்கள், ஊரில் எல்லாரும் படிக்கிற மாதிரி. அன்றைக்குப் பத்து மணிக்குக் கடல் வடக்கேதான் இழுத்தது. தண்ணீரில் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தப்பாகப் பார்க்கவில்லை.