பிரபுவின் விருந்தும் மல்வேர்ன் சீட்டாட்டமும்

"உந்தக் கவிதையை எழுதினவன் என்னை எங்க கண்டவன்?"

முன் இருக்கையில் இருந்தவர் மனைவியிடம் இப்படிக் கேட்டபோதுதான் நான் காது கொடுத்தேன். சனிக்கிழமை பின்னேரம், ஸ்காபரோ பஸ். விக்டோரியா மகாராணி காலத்துக் கவிதை ஒன்றை அவள் மடியில் விரித்து, அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாகச் சொன்னாள்.

"உங்களையோ? இதில வாறவன் ஒரு பிரபு. ஒவ்வொரு நாளும் விருந்து, வைன், பாட்டு. ஆனால் ஒருத்தற்ற முகத்திலயும் சந்தோசம் இல்லை."

"அதைத்தான் சொல்லுறன். எங்களுக்கும் சனிக்கிழமை எண்டால் சீட்டும் விஸ்கியும். ஆர் வெண்டது எண்டு விடிய ஒருத்தனுக்கும் ஞாபகமில்லை."

"வகுப்பில ரீச்சர் உதை ஒழுக்கக்கேடு எண்டவ. தனிய இருக்கிற பயத்திலதான் அவன் ஆக்களைக் கூப்பிடுறான் எண்டு நான் எழுதப் போறன். பிழையோ தெரியாது."

"எழுதும். பிழையெண்டால் நான் வந்து சாட்சி சொல்லுறன்."

அவள் சிரித்தாள். பஸ் மல்வேர்னில் நின்றது.

"இறங்குங்கோ, உங்கட சீட்டுக் கூட்டாளியள் பாத்துக்கொண்டிருப்பினம். நான் லைப்ரரிக்குப் போட்டு வாறன்."

அவர் எழும்பவில்லை.

"அந்தப் பிரபுவுக்குப் பெஞ்சாதி இல்லையே?"

"இருக்கிறா. மேல்மாடியில, விளக்கைக் கொளுத்திக்கொண்டு தனிய. கவிதையில அவவுக்கு ஒரு வரிதான்."

கதவு மூடியது. பஸ் புறப்பட்டது. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"லைப்ரரியில கதைக்கக் கூடாதோ?"

"கூடாது."

"பரவாயில்லை. சும்மா பக்கத்தில இருக்கிறன்."