ஜெனரல் கழுவாத கப்பு

எழுதிக்கோங்க தம்பி, யாரு வேண்டாம்னா? ஆனா பேப்பர்ல வந்ததையே திருப்பி எழுதறதுக்கு எதுக்கு இந்தக் கான்சஸ் வரைக்கும் கார் ஓட்டிட்டு வந்தீங்கன்னுதான் புரியல.

ஆமா, எல்வுட் கோதுமை விவசாயி மகன்தான். நான் கட்டிக்கிறப்ப வெறும் லெஃப்டினன்ட். அடுத்த மாசமே வியட்நாம். தோள்ல குண்டுச் சில்லோட திரும்பி வந்தாரு. அப்புறம் ஜெர்மனி, கொரியா, டெக்சஸ்னு ஊர் ஊரா இழுத்துட்டுப் போனாரு. ஒரு வீட்டு ஜன்னலுக்குத் தெச்ச திரை அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் பத்தாது. இத எழுதிக்கோங்க, எந்தப் பேப்பர்லயும் வரல.

குவைத் சண்டைக்குப் போறப்ப ஜெனரல். அவரு இருமினாக்கூட ஆயிரம் பேரு வெறச்சு நிப்பான். வீட்டுல? குடிச்ச காபிக் கப்பக் கழுவினதே கிடையாது. வெச்ச எடத்துலயே கெடக்கும்.

நீங்க அவரப் பார்த்ததே இல்ல, அப்படித்தானே? போன்லயும் அதத்தான் சொன்னீங்க. சரி, சரி.

இல்ல, வந்ததும் அந்தப் போட்டோவப் பார்த்து, எடது காதுல பேசினா அவருக்கு விழாதேன்னு சிரிச்சீங்களே. எங்க படிச்சீங்க? பேப்பர்லயா? ராணுவ டாக்டருக்கே தெரியாம மறச்சு வெச்சிருந்தாரே மனுஷன்!

காபி ஆறுது, எடுத்துக்கோங்க.

போய்ச் சேர்ந்தது ஏரிக்கரைக் குடிசையில. மீன் பிடிக்கத் தனியாப் போனவரு. நெஞ்சு வலி. மறுநாள் பக்கத்துப் படகுக்காரன் பார்த்துட்டு போன் பண்ணினான். துணைக்கு ஒரு ஆள் இல்லாமப் போயிட்டாரேன்னு ஊரே உச்சுக் கொட்டிச்சு. நான் போய்ப் பார்த்தா, பாத்திரம் கழுவற தொட்டிகிட்ட ரெண்டு கப்பு. கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. எல்வுட்டாவது கழுவறதாவது!

பொம்பளைன்னுதான் மொதல்ல நெனச்சேன். சிரிக்காதீங்க. ரொம்ப நாளு அவரு போட்டோவச் சுவத்தப் பார்க்கத் திருப்பி வெச்சிருந்தேன்.

அப்புறம் கல்லறையில காசு. நீங்க ராணுவத்துல இருந்ததில்லன்னு சொல்றதால சொல்றேன், இது அங்க உள்ள வழக்கம். கல்லு மேல ஒரு சென்ட் வெச்சா, சும்மா பார்த்துட்டுப் போனேன்னு அர்த்தம். பத்து சென்ட்னா கூட வேலை பார்த்தவன். கால் டாலர்னா, உசிர் போறப்ப பக்கத்துல இருந்தவன். வருஷா வருஷம் அவரு போன நாள்ல அங்க ஒரு கால் டாலர் இருக்கும். தனியாச் செத்தவருக்கு யாரு வெக்கிறா? எத்தன வருஷமா இது என்னை அரிக்குது தெரியுமா?

இன்னிக்கு அவரு போன நாள். அதான் இருட்டோட கிளம்பிக் கல்லறைக்குப் போயி, மரத்தடியில காரை நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். சாம்பல் கலர் கோட்டு போட்ட ஆளு வந்தாரு. தொப்பியக் கழட்டினாரு. காச வெச்சாரு. அதே கோட்டுதான், அதோ என் கதவுல தொங்குது.

உக்காருங்க தம்பி, எந்திரிக்காதீங்க. நான் யாரையும் கூப்பிடப் போறதில்ல. ஏன் சொல்லாம ஓடினீங்கன்னும் கேக்கல, அது உங்க பாடு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு அந்தக் காபியக் குடிங்க.

அவரு கையப் புடிச்சிட்டிருந்தீங்களா?