தோள்ல இருக்கிற கை

இல்ல தம்பி, எழுத்தைத் தொடாதீங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்னு பேனர்ல மேல பெருசா போட்டிருக்கே, அது அப்படியே இருக்கட்டும். எடுக்க வேண்டியது அந்தப் பொண்ணை மட்டும்தான். நடுவுல, சுருட்டை முடியோட நிக்கிறாளே... ஆங், அவளேதான். கொஞ்சம் பெருசு பண்ணிக் காட்டுங்க. போதும் போதும், அவ்வளவு கிட்டத்துல பார்க்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல.

செத்துப் போயிட்டாளாவா? நீங்க வேற. குத்துக்கல்லு மாதிரி இருக்கா.

இந்த பேனரே என்னோட யோசனைதான் தம்பி. எங்க சபைக்கு வரவேற்புக் குழுத் தலைவி நான். ரெண்டு மூணு வருஷம் முன்னாடி இந்தப் பொண்ணோட நாட்டு ஆளுங்க ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரி வேலை, குடோன் வேலைன்னு கடல் தாண்டி வந்தவங்க. பாஸ்டர் மேடையில நின்னு, சபைன்னா எல்லா இனத்துக்கும் கதவு திறந்திருக்கணும்னார். நாங்களும் ஆமென்னு சொன்னோம். ஆமென் சொன்னா வாய் வலிக்கவா போகுது? சரி, திறந்த கதவு ரோட்டுல போறவனுக்கும் தெரியட்டுமேன்னு போட்டோ எடுக்க ஏற்பாடு பண்ணேன். அவங்கள்ல இவதான் எடுப்பா இருந்தா. நர்ஸு. பல்வரிசை நல்லா இருக்கும்.

ஓரமாத்தான் நின்னா. விருந்தாளி மாதிரி இருக்கேன்னு நான்தான் நடுவுல இழுத்து விட்டேன். நான்தான், ஆமா. அந்த உயரமான பையன் இருக்கானே, அவ பக்கத்துல, கீபோர்டு வாசிக்கிறவன், அவனையும் கூப்பிட்டு, டேய், அவ தோள்ல கையைப் போடுடா, பார்க்கிறவன் நம்ப வேணாமான்னேன். கூச்சப்பட்டான். அவன் கையைப் பிடிச்சுத் தூக்கி நானே வச்சேன். நல்லா பாருங்க, சிரிப்புகூட சரியா வரல அவனுக்கு.

நிறமா? சேச்சே. நான் நிறம் பார்க்கிறவளே இல்ல. என்னைப் பாருங்க, நான் மட்டும் என்ன பால்ல குளிச்சா வந்தேன்? கல்யாணம் ஆன அன்னிக்கே என் மாமியார் என் கையைத் திருப்பிப் பார்த்துட்டு, உள்ளங்கையாவது வெளுப்பா இருக்கேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அந்த வலி எனக்குத் தெரியும். ஆனா நம்ம கறுப்பு வேற, அவங்க கறுப்பு வேற. வெளியில சொல்ல மாட்டாங்க, கேட்டுப் பாருங்க, எல்லாரும் இதைத்தான் நினைப்பாங்க.

அப்புறம் அவங்க பாட ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க தம்பி. கை தட்டுறது, ஆடுறது. நம்ம வயசானவங்களுக்குத் தலைவலி. அதனால அவங்களுக்குன்னு மத்தியானம் கீழ் ஹால்ல ஒரு ஆராதனை வச்சோம். பிரிச்சு வைக்கல, நேரத்தைத்தான் பிரிச்சோம். அதே பாஸ்டர், அதே பிரசங்கம், கொஞ்சம் ஆறிப் போயிருக்கும், அவ்வளவுதான். எல்லாரும் வாயைத் திறக்காம கீழ போயிட்டாங்க. இவ மட்டும் காலையிலயே வந்து என் வரிசையில உட்கார்ந்தா. பக்கத்து நாற்காலியில பையை வச்சேன். எடுத்து என் மடியில வச்சுட்டு உட்கார்ந்தா, அதுவும் சிரிச்சுக்கிட்டே. ஏம்மா, மத்தியானம் உங்க ஆளுங்க இருக்காங்களேன்னு நல்லவிதமாத்தான் சொன்னேன். பேனர்ல என்னைக் காலையில வர்றவங்களோடதானே நிக்க வச்சீங்க, ஆண்ட்டின்னா. என்ன திமிர் பாருங்க.

பரலோகத்துல ஒண்ணா இருக்க மாட்டீங்களான்னு பாஸ்டர் கேட்டார். இருக்கலாம் பாஸ்டர், தாராளமா இருக்கலாம், அங்க யாரும் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்லையேன்னேன்.

என்ன தம்பி, ஆச்சா? எங்க காட்டுங்க... சே. அவளை எடுத்தா அந்தக் கை மட்டும் அந்தரத்துல தொங்குது. வேணாம் வேணாம், வேற பொண்ணு படமெல்லாம் வைக்காதீங்க. அந்தக் கைக்குக் கீழ வேற யாரையும் வைக்க எனக்குக் குடுத்து வைக்கல. மணிக்கட்டோட வெட்டிட முடியாதா? மொட்டைக் கை மாதிரி தெரியுமா?

அப்ப அவனையும் சேர்த்து எடுத்துடுங்க.

யோசிச்சுட்டேன், எடுங்க. அவன்கிட்ட என்ன கேக்கிறது? அன்னிக்கு வச்ச கையை அவன் இன்னும் எடுக்கல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் கையெழுத்துப் போட்டாச்சு. பொம்பளப் பிள்ளையும் பிறந்தாச்சு. இந்த ஞாயித்துக்கிழமை எங்க ஆண்டு விழா, அதுல குழந்தையைத் தூக்கிட்டு வந்து ஆண்டவருக்குன்னு பிரதிஷ்டை பண்ணி ஆசீர்வாதம் வாங்கணுமாம், காலை ஆராதனையில. பாஸ்டர் சரின்னுட்டார். அவருக்கென்ன, அவர் பெத்த பிள்ளையா?

ஆமா, என் பையன்தான். ஒரே பையன்.

குழந்தையை நான் பார்க்கல. போன்ல படம் அனுப்பினான், திறக்கல. பாஸ்டர் வீட்டம்மா போய்ப் பார்த்துட்டு வந்து அச்சு அசல் என் முகம்னு சொல்றாங்க. வாய் கூசாம எப்படிச் சொல்றாங்க பாருங்க.

சனிக்கிழமையே குடுத்துடுங்க தம்பி. வாசல்ல, கண்ணு மட்டத்துக்கு நானே நின்னு கட்ட வைக்கிறேன். பிள்ளையைத் தூக்கிட்டு வர்றவன் உள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பார்க்கணும். பார்த்தா வர மாட்டான். ரோஷத்துல அவன் என்னை மாதிரி. அப்படியே திரும்பிடுவான்.

நடுவுலயா? அவ்வளவு இடம் காலியாவா இருக்கு? ஏதாவது பூ போட்டு நிரப்பிடுங்க.