வெறும் காத்துதானுங்களே

விழாவுக்குத் தலைமை தாங்கி, விசிறி சுற்றாத மேடையிலும் வீற்றிருக்கும் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் ஜானகியம்மாள் அவர்களே! வரவேற்புரை வழங்கிவிட்டு, மடித்த காகிதம் ஒன்றைக் கையில் வைத்தபடி அமர்ந்திருக்கும் செயலாளர் தம்பி சுரேந்தர் அவர்களே! முன்வரிசையை நிரப்பியிருக்கும் முதலாளிப் பெருமக்களே! பின்வரிசையில் நின்றபடி நம் நிறுவனங்களையெல்லாம் நிமிர வைக்கும் தொழிலாளத் தோழர்களே! ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டி ஓய்ந்த கைகளை இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தெற்குச் சீமையிலிருந்து வந்து திருப்பூரைத் தோளில் தாங்கும் உறவுகளே! தமிழ் பாதி புரிந்தாலும் முழுதாகக் கைதட்டும் வடநாட்டுத் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் எளியவன் சேக் தாவூதின் சலாமும் வணக்கமும்.

அங்கே யாரோ "ஊசி பாய்!" என்கிறீர்கள். ஆமாங்க, ஊசி பாய்தான். இருபத்திரண்டு வருடம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷினில் ஊசி மாற்றியவன். ஓடாத மிஷின் என் கை பட்டால் ஓடும் என்று நீங்கள் கொடுத்த பட்டம் அது. இப்போது சாமளாபுரம் பக்கம் பெயிண்ட்பால் மைதானம் நடத்துகிறேன்.

ஏன் இந்த மனிதர் ஓரிடத்தில் நிற்காமல் மைக்கைச் சுற்றிச் சுற்றி வருகிறார் என்று பார்க்கிறீர்கள். நிற்க முடியவில்லை. மூன்று வாரமாக என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. "விளையாட்டும் பாதுகாப்பும்" என்று தலைப்புக் கொடுத்துப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பிறகு தம்பி சுரேந்தர் அந்தக் காகிதத்தைப் படிப்பார். அதில் என்ன இருக்கிறது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு நான் சொல்கிறேன். டெம்போ ஓட்டும் காசிமாயனின் கவனக்குறைவால் விபத்து நடந்தது, ஆகவே அவருடைய வண்டியை இனிமேல் எந்தக் கம்பெனி கேட்டுக்குள்ளும் விடுவதில்லை என்பது தீர்மானம். அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பவர்தான் காசிமாயன். பக்கத்தில் அவருடைய மனைவி சீனியம்மாள். தீர்மானத்தைக் கேட்கவே வந்திருக்கிறார்கள்.

தாய்மார்கள் சிலருக்கு ஆட்டமே புதிது. முகத்துக்குக் கவசம் மாட்டி, துப்பாக்கி போன்ற ஒரு கருவியைப் பிடித்து, சாயம் நிரம்பிய கோலிக்குண்டால் எதிரணியை அடிப்பதுதான் பெயிண்ட்பால். என் வீட்டில் முனவர் பேகம் முதல்நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, பனியன்ல சாயக்கறை பட்டா ரிஜெக்ட்டுங்கறீங்க. இங்க கறை பட்டாத்தான் பாயிண்ட்டுங்களா?" சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான் சிரிக்க முடியும்.

அந்தக் குண்டை உந்தித் தள்ளுவது எது? காற்று! தண்ணீர் பாட்டில் அளவுள்ள ஒரு டேங்க்குக்குள் அடைபட்ட காற்று! அந்தக் காற்றை இந்த ஊரில் யார் மதிக்கிறோம்? செக்கிங் டேபிளில் பஞ்சு ஊதக் காற்று. தலைமுடித் தூசிக்குக் காற்று. சாப்பாட்டு மணி அடித்தால் சட்டையை உதறக்கூடச் சோம்பல், அதற்கும் ஏர் கன்னை எடுத்துக் காற்று. கட்டிங் மாஸ்டர் சசிகுமார் ஒருநாள் அந்த டேங்க்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாய், இத வெச்சு மிஷினுக்கு அடியில பஞ்சு ஊதிக்கலாமுங்களா?" என்றார். ஆகாதுங்க என்றேன். "ஏனுங்க, வெறும் காத்துதானுங்களே!" என்றார். அவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள். நம் எல்லார் வாயிலும் இருக்கிற வார்த்தையைத்தான் அவர் சொன்னார்.

வெறும் காற்றா? லாரி டயரில் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று டிரைவர்களுக்குத் தெரியும். டயர் வெடித்தால் பல்லடம் முக்கில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டமே பதறிச் சிதறுகிறதே, பார்த்ததில்லையா? அதைப்போல நாற்பது மடங்கு அழுத்தத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது இந்தக் காற்று. நாற்பது மடங்கு! அதைத் தாங்குகிற குழாய் உங்கள் சுண்டுவிரல் பருமன். அது பிய்த்துக்கொண்டால் பாம்பாகச் சுழன்று அடிக்கும். அதை 'வெறும் காத்து' என்று சொன்ன வாய்களில் என் வாயும் உண்டு.

சரி, இதை எப்படிக் கொண்டு வர வேண்டும்? புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை, காசிமாயனைப் பார்த்துச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் காற்று நிரப்பிய பெரிய சிலிண்டரையும், பரிசோதனைக்குப் போன டேங்க்குகளையும் ஏற்றி வந்து, மைதானத்தில் அந்தச் சிலிண்டரிலிருந்து டேங்க்குகளை நிரப்பித் தருகிறவர் அவர். கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளை இரண்டு பக்கமும் அணைகொடுத்து, உருளாதபடி கயிற்றால் கட்டுவார். வால்வுக்கு மூடி போடாமல் வண்டியை எடுக்க மாட்டார். குழாயைத் தனியாகக் கழற்றுவார், அதுவும் உள்ளே மிச்சமிருக்கும் காற்றை மெல்ல வெளியேற்றிய பிறகுதான். மடங்காமல் அகலமாகச் சுருட்டுவார். அதன்மேல் ஒரு டிபன் பாக்ஸைக்கூட வைக்க விட மாட்டார். மேலே தார்ப்பாய், உள்ளே காற்றோட்டம். ஒருநாள் நான் கேட்டேன்: "மாயன், போற வழியில சாயப்பட்டறை ஆசிட் கேன் ரெண்டையும் போட்டுக்கலாமுங்க."

"முடியாதுண்ணே. டேங்க்கு மேல சுத்திருக்க நாருல ஆசிட்டு பட்டுச்சுன்னா இத்துப்போயிரும்னு சொல்லிருக்காகல்ல? கேனுக்கு நான் வேற நடை வாரேன்."

"ஒரே நடையில முடிஞ்சுருமுங்க."

"எது முடியும்ணே? நம்மளா?"

கைதட்டுகிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். படித்த இஞ்சினியரும் இவ்வளவு பார்த்திருக்க மாட்டார். ஆனால் விசாரணைக் கூட்டத்தில் என்ன சொன்னோம்? சிலிண்டரை ஏற்றி வந்த வழியில் டீக்கடையில் வண்டியை வெயிலில் நிறுத்தினார், குழாய் சூடேறிக் கெட்டு, டேங்க்கை நிரப்பும்போது வெடித்தது என்று சொன்னோம். அன்று டெம்போவில் பக்கத்து சீட்டில் இருந்தது யார் தெரியுமா? நான். டீ குடிக்கலாம் என்றது யார்? நான். வண்டி நின்றது வெயிலிலா? இல்லவே இல்லை. நிழல் தேடி அவர் இரண்டு முறை வண்டியைப் பின்னால் எடுத்தார். டீ ஆறுகிறது என்று நான்தான் சலித்துக்கொண்டேன்.

தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். "நேரம் முடிந்தது." அம்மா, மன்னிக்க வேண்டும். இன்று என்னை உட்கார வைத்துவிட்டால் நான் மறுபடி எழுந்து இதைச் சொல்லவே மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பத்திரமாகக் கொண்டு வந்தவர் காசிமாயன். பத்திரப்படுத்தி வைத்தவன் யார்?

தோழர்களே, தீபாவளி போனஸ் கைக்கு வந்த அன்று ஊரே பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடும். ஒருவன் மட்டும் கம்பெனியில் நிற்பான். அவன் மெக்கானிக். பத்து நாள் மூடிக் கிடக்கப் போகிற மிஷினுக்கு ஊசி ஊசியாக எண்ணெய் விட்டு, துணி போர்த்தி, பிறகுதான் அவனுக்குப் பண்டிகை. எண்ணெய் விடாமல் மூடுகிறவனை இந்த ஊர் மெக்கானிக் என்றே ஒப்புக்கொள்ளாது. என் சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, எண்ணெய்ப் புட்டி இல்லாத நாள் கிடையாது.

போன மாதம் ஷிப்மென்ட் அவசரத்தில் ஆட்டம் இரண்டு வாரம் நிற்கும் என்றீர்கள். குடோனில் பன்னிரண்டு டேங்க்குகள். நான் என்ன செய்தேன்? காற்று ஏற்றும் வாயை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். வறண்டு கிடந்தது. ஐயோ பாவம், துருப்பிடிக்குமே என்று ஒவ்வொரு வாயிலும் நிட்டிங் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். பன்னிரண்டு டேங்க்குக்குப் பன்னிரண்டு சொட்டு. துணியும் போர்த்தினேன். நல்ல பிள்ளைகளைத் தூங்க வைத்தவன் போலப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

விஷயம் தெரிந்த சிலருக்கு முகம் மாறுவதை இங்கிருந்து பார்க்கிறேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எண்ணெய் நம் மிஷினுக்கு உயிர். இந்த டேங்க்குக்கு அது எமன். அவ்வளவு அழுத்தத்தில் காற்று சட்டென்று பாய்கிற இடத்தில் எண்ணெய் இருந்தால், தீக்குச்சி வேண்டியதில்லை, தானே பற்றிக்கொள்ளும்.

மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு காலை மறுபடி ஆட்டம். அணிகள் காத்திருந்தன. "மாயன், மொத டேங்க்க நிரப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கொடி கட்டப் போனேன். பத்தடி போயிருப்பேன். ஒரு சத்தம். திரும்பினால் நீலமாக ஒரு வெளிச்சம், குழாய் அறுந்து தரையை அடிக்கிறது, காசிமாயன் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறார். ஓடிப்போய் வால்வை மூடினேன். கருகிய குழாய் நுனியை எடுத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகக்கூடத் தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருடம் என் சோற்றிலும் சட்டையிலும் இருந்த வாசனை அது.

அன்று மத்தியானமே காற்று நிரப்புகிற கடைக்காரர் போனில் கேட்டார்: "பாய், எண்ணெய் எதுவும் படலீங்களே?"

நான் சொன்னேன்: "இல்லீங்க."

எவ்வளவு மரியாதையான பொய் பாருங்கள்! 'ங்க' போட்டுச் சொன்ன பொய்! அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. எண்ணெய் இல்லையென்றால் வெயில். வெயில் என்றால் டெம்போ. டெம்போ என்றால் காசிமாயன். விசாரணைக் கூட்டத்தில் எல்லாரும் பேசினார்கள், நான் காபி குடித்தேன். ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். கட்டுப்போட்ட கையோடு அவர் என்னிடம் சொல்கிறார்: "எம்மேலதாண்ணே தப்பு. தார்ப்பாயை இன்னும் ஒரு மடிப்புப் போட்ருக்கணும். உங்க ஆட்டமும் நின்னு போச்சு." இரண்டு விரல் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த விரல்களோடு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நானும் "பரவாயில்லீங்க மாயன்" என்று மன்னித்துவிட்டு வந்தேன். மன்னித்தேனாம், நான்!

என்னம்மா? எழுந்து நிற்கிறீர்களே... மைக்கை அவரிடம் கொண்டுபோங்கள். வேண்டாமா? சத்தமாகவே கேட்கிறது. சீனியம்மாள் கேட்கிறார், பின்னால் உள்ளவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்: "மூணு வாரமா எம் புருசன் வெயில்ல நிப்பாட்டுனேனா, நெழல்ல நிப்பாட்டுனேனான்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாரே. அன்னைக்கே ஏன்ணே சொல்லல?"

அம்மா, இந்தக் கேள்விக்கு அலங்காரத் தமிழ் வேண்டாம். பயந்துவிட்டேன். ஊசி பாய் எண்ணெய் விட்டுக் கெடுத்தான் என்று இந்த ஊர் சொல்லுமே என்று பயந்தேன். அவருடைய பிழைப்பைவிட என் பட்டம் எனக்குப் பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறதம்மா.

காசிமாயன், நீங்கள் ஏன் கையை ஆட்டுகிறீர்கள்? "விடுங்கண்ணே" என்கிறீர்கள். விட மாட்டேன். விட்டால் என்ன ஆகும் தெரியுமா? பன்னிரண்டில் ஒன்றுதான் போயிருக்கிறது. மீதிப் பதினொன்று என் குடோனில் அதே எண்ணெயோடு, அதே துணியைப் போர்த்திக்கொண்டு இருக்கின்றன. அடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். யார் கையில் கொடுப்பது? என் மகள் இக்ராவின் கையிலா? அதோ கோப்பை வாங்க வந்து உட்கார்ந்திருக்கிற அந்தச் செக்கிங் அணிக் கேப்டன் கையிலா?

ஆகவே அறிவிக்கிறேன். அந்தப் பதினொன்றையும் யாரும் தொடக் கூடாது. நாளைக் காலை கடைக்காரரே வந்து பார்ப்பார். இன்று மேடை ஏறும் முன் அவருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஒப்புக்கொண்டால்தான் ஆட்டம், இல்லையென்றால் ஆட்டம் கிடையாது. கோபித்துக்கொள்ளுங்கள். இனி அந்த மைதானத்தில் டேங்க்கை எடுப்பதும் வைப்பதும் காசிமாயன் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். நான் நடத்தினாலும் சரி, என்னை நீக்கிவிட்டு வேறு யார் நடத்தினாலும் சரி.

தம்பி சுரேந்தர், காகிதத்தை மடிக்காதீர்கள். அதைக் கிழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. விபத்து நடந்தது உண்மை, கவனக்குறைவும் உண்மை, தீர்மானம் வேண்டும். பெயர்தான் தவறு. காசிமாயன் என்று இருக்கும் இடத்தில் சேக் தாவூது என்று எழுதி, இதே மைக்கில், இதே கூட்டத்தில், சத்தமாகப் படியுங்கள். யோசிக்கிறீர்களே, பேனா இல்லையா? தலைவர் அம்மா கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம் கடந்தும் என்னைப் பொறுத்த தலைவருக்கு நன்றி. காது கொடுத்த தாய்மார்களுக்கும் தோழர்களுக்கும் நன்றி. கேட்க வேண்டியதைக் கேட்ட சீனியம்மாளுக்கு, கூனிக் குறுகி, நன்றி. எழுதியாயிற்றா தம்பி? சரி. மேடையில் எனக்குப் போட்ட நாற்காலி அப்படியே இருக்கட்டும். கீழே காசிமாயன் முன்னால் போய் நின்று நீங்கள் படிப்பதைக் கேட்கிறேன். படியுங்கள், வணக்கம்.