தெரியாதவர் அனுப்பியது

கணினிக்கு முதல் எதிரி தூசி, மேடம். அதனால்தான் நீங்கள் விசாரிக்க வந்தபோது அதன் மேல் பூப்போட்ட துணி கிடந்தது. எதையோ மறைக்கப் போர்த்தினேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். எட்டு வருடமாகத் தினமும் போர்த்துகிறேன். இந்த வீட்டில் வேறு யார் செய்வார்கள்?

கணினி என் தங்கை மரிவிக் அனுப்பியது. வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன முதல் கிறிஸ்துமஸுக்கே, பெரிய அட்டைப் பெட்டியில், சோப்புக்கும் டின் இறைச்சிக்கும் நடுவே துண்டில் சுற்றி அனுப்பினாள். அவள் மகள் ரைசா என் பொறுப்பில் வளர்கிறாள். அம்மாவின் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டுமே, அதற்காக. வீட்டுக்கே பொது என்றாள். பொது என்றால் உங்களுக்கே தெரியும், எல்லாரும் தொடுவார்கள், ஒருத்தன்தான் துடைக்க வேண்டும்.

மூன்று வருடம் முன்பு விடுப்பில் வந்தவள், பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த எதையோ அமுக்கித் தொலைத்தாள். வைரஸ். ஒன்பது நாள் அதோடு மாரடித்தேன். அவள் சமையலறையில் நின்று சிரித்தாள். அண்ணனைக் கூயா என்றுதான் கூப்பிடுவாள்.

"கூயா, அதுக்குக் காய்ச்சல்னா கொஞ்சம் கஞ்சி வச்சுக் குடேன்."

"நீ தொடாம இருந்தாலே போதும்."

"அண்ணனாச்சேன்னு பாக்கறேன். என் கம்ப்யூட்டரையே தொடாதங்கிறியா? அடுத்த தடவ மொத்தமா வந்துடுவேன். வந்ததும் இதத் தூக்கி ரைசா ரூம்ல வைக்கறேன் பாரு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

அவள் போனதும் விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். கடவுச்சொல் என்னிடம் மட்டும். தெரியாத பெயரில் வரும் எதையும் திறக்கக் கூடாது. ரைசாவுக்கு ஃபோன் கிடையாது. எங்கள் ஊர் லிபாவில் அப்போது வீட்டுக்கு வீடு இதே பேச்சு. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடாகப் பார்த்து, 'நான்தான், ஃபோன் மாறிடுச்சு' என்று எவனாவது எழுதுவான். எதிர்வீட்டு டெல்ஃபின் நம்பிப் பதில் போட்டு ஏமாந்து, தெருவே சிரித்தது. எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. யாரும் எனக்கு ஒரு நன்றி சொன்னதில்லை.

இந்தப் பிப்ரவரியில் மரிவிக் வேறொரு வீட்டுக்கு மாறினாள். அதோடு அழைப்பு நின்றது. ரைசா பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கேட்பாள்.

"டீட்டோ, அம்மா ஏதாவது அனுப்பிச்சாங்களா?"

"இல்லம்மா. மாமாதான் பாத்துட்டே இருக்கேன்ல?"

"நானே ஒரு தடவ பாக்கறேனே."

"கையக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வருவதற்குள் துணியைப் போர்த்திவிடுவேன்.

மார்ச்சில் ஒரு நேபாளப் பெண்ணின் பெயரில் செய்தி வந்தது. 'கூயா, நான்தான். ஃபோனப் புடுங்கிட்டாங்க. பக்கத்து வீட்டுல வேலை செய்ற பொண்ணோட கணக்குல எழுதறேன். ரூம்ல பூட்டி அடிக்கறாங்க. தூதரகத்துல சொல்லு.' ஏமாற்றுக்காரர்களும் இப்படித்தான் எழுதுவார்கள், மேடம். தனியாக ஒதுக்கி வைத்தேன். பத்து நாள் கழித்து இன்னொன்று, ஒரு படத்தோடு. படத்தில்தான் வைரஸ் ஒளிந்து வரும். திறக்கவில்லை. மூன்றாவது ஒரே வரி. 'இன்னும் அந்தப் பூத்துணியப் போத்தறியா கூயா? இத ரைசாகிட்டயாவது காட்டு.'

பூத்துணி எந்த ஏமாற்றுக்காரனுக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். மழுப்ப எனக்குத் தெம்பில்லை. மூன்றாவதில் அல்ல, முதல் வரியிலேயே அவள்தான் என்று எனக்குத் தெரியும்.

தெரிந்து என்ன செய்திருக்க வேண்டும்? மணிலாவில் ஒவ்வொரு அலுவலகமாக வரிசையில் நிற்க வேண்டும். அவளை மீட்டு வர வேண்டும். வந்தால் இந்த நாற்காலியில் உட்காருவாள். கண்டதையும் அமுக்குவாள். கணினியை ரைசாவின் அறைக்குத் தூக்கிப்போவாள். நினைக்கவே அலுப்பாக இருந்தது. ஒரு வரிகூடப் பதில் போடவில்லை.

ஏப்ரல் கடைசியில் அவள் சவப்பெட்டியில் வந்தாள். விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ரைசா என் தோளில் சாய்ந்து, "எங்கம்மா ஒரு வரி எழுதியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்கல்ல டீட்டோ?" என்று அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்த நேபாளப் பெண் உங்கள் அலுவலகத்துக்கு எழுதியிராவிட்டால் ரைசாவுக்கு இன்னும் அந்த நிம்மதி இருந்திருக்கும்.

மூன்று செய்திகளையும் நான் அழிக்கவில்லை. அப்படியே இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திறப்பதானால் உங்கள் அலுவலகக் கணினியில் திறந்துகொள்ளுங்கள், மேடம். இதில் வேண்டாம். மூன்று வருடமாக இதற்கு ஒன்றும் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.