இரண்டு பூட்டுப் பெட்டி

தலைவர் இருக்கையில் வீற்றிருக்கும் என் உடன்பிறந்த தம்பி அவர்களே, அன்று இணைப்பு அறையில் ஆணைக் காகிதத்தோடு நின்ற அதிகாரி அவர்களே, கைப்பிடியைக் கீழே இழுத்த லைன்மேன் அவர்களே, வாசலில் நின்று கைதட்டிய பெரியோர்களே, தட்டாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிய தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என்ன முணுமுணுப்பு? கைதட்டியவர்களைச் சொல்லக் கூடாதா? மறக்க எனக்குத் தெரியாது. வாக்கெடுப்புக்கு நேரம் நெருங்குகிறது; எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நம் மலையில் காற்று. எல்லைக்கு அப்பால் அவர்கள் சமவெளியில் வெயில். பகலில் அவர்கள் வெயில் நம் ஆஸ்பத்திரியை ஓட்டியது. பொழுது சாய்ந்தால் நம் காற்று அவர்கள் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது. காற்றுக்கு ஏது கட்சி? வெயிலுக்கு ஏது கொடி? இரு பக்கத்து மின்சாரமும் கைமாறும் எல்லை இணைப்பு அறையை இருபது வருஷம் பெருக்கியவள் நான். அங்கே சுவிட்சுப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி நம்மிடம், ஒரு சாவி அவர்களிடம். ஒரு பக்கத்துக் கோபத்தில் மறுபக்கம் இருண்டுவிடக் கூடாதென்று செய்த ஏற்பாடு.

இரு பக்கத்துத் தலைவர்களும் முறைத்துக்கொண்டார்கள். துண்டிக்கச் சொல்லி ஆணை வந்தது. அந்தப் பக்கத்துச் சாவிக்காரி மறுத்தாள். "பெரியம்மா, உங்க பேத்தி மூச்சு மெஷின்ல இருக்கா. நான் எப்படித் திறப்பேன்?"

மறுநாள் காலை அவளை அவர்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். போனால் சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். "யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க" என்று என் முந்தானையில் முடிந்துவிட்டுப் போனாள்.

தம்பி வந்தார். "அக்கா, சாவியில நம்பர் இருக்கும், பாத்துட்டுத் தரேன். எம்மேல நம்பிக்கை இல்லையா?"

கூடப் பிறந்தவர் கேட்டால் என்ன செய்வேன்? அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் நம்பரைப் பார்க்கவில்லை. நேரே போய், நம் பக்கத்துச் சாவியோடு அதையும் போட்டுப் பெட்டியைத் திறந்தார்.

ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் இருமி இருமி நின்றது. நர்சுகள் கை மாற்றிக் கை மாற்றி, நான்கு மணி நேரம் காற்றுப் பையை அமுக்கினார்கள். பேத்தி பிழைத்தாள். சாவிக்காரிக்கு வேலை போயிற்று.

"பழசை விடுங்க பாட்டி" என்கிறாரே பின்வரிசையில் ஒருவர். விடுகிறேன் ஐயா. கம்பி இணையட்டும், விடுகிறேன். அவள் மறுபடி அந்த நாற்காலியில் உட்காரட்டும், விடுகிறேன். மலையில் காற்று வீணாய்ச் சுழல்கிறது, சமவெளியில் வெயில் வீணாய்க் காய்கிறது, நடுவில் நாம் டீசல் புகையை விழுங்குகிறோம். இன்னும் எத்தனை நாள் இந்த வீம்பு? அடுத்து எவர் வீட்டுப் பிள்ளைக்குப் பை அமுக்க வேண்டும்?

மீண்டும் இணைக்கத் தீர்மானம் கொண்டுவந்திருப்பவரும் தம்பிதான். நல்ல தீர்மானம். முதல் கை என் கை. கட்டிய கைகளை நீங்களும் பிரியுங்கள், உயர்த்துங்கள். ஆணை கொண்டுவந்தவரை மன்னித்தேன், இழுத்தவரை மன்னித்தேன், கைதட்டிய உங்களையும் மன்னித்தேன். பொறுமையாய்க் கேட்டதற்கு நன்றி, வணக்கம்.

என் தம்பியை மட்டும் மன்னிக்க மாட்டேன்.