சத்தம் போடும் மிஷின்

எண்பதுகளில் ஒரு சாரல் நாள். தென்காசியில் கொல்லம் போகும் கேரளா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஷட்டரையெல்லாம் இறக்கியிருந்ததால் முன்சீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

“சத்தம் போடாத மிஷின் எனக்கு எதுக்கு மதினி?”

கேட்ட பெண்ணுக்குக் கண் தெரியாது. அண்ணன் மனைவி கூட்டிப்போய் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டு வருகிறாள்.

“ஒன்னயச் சேத்துக்கிடுதேன்னு மாஸ்டர் சொன்னதே பெருசு. புது மிஷினையும் காட்டுதாரு. நீ பழசுதான் வேணும்னு சொல்லுத. எனக்கு உயிரே போயிட்டு. சரி, கெளம்புங்கன்னு சொல்லியிருந்தார்னா?”

“ரெண்டையும் அடிச்சுப் பாத்தேம்லா. புதுசுல மணிச்சத்தம் காதுல விழவே இல்ல. வரி முடியப் போகுதுன்னு அந்த மணிதான சொல்லணும்? அது அடிச்சாத்தான இடது கையால தள்ளி அடுத்த வரிக்குப் போக முடியும்?”

“அதக் கேட்டுத்தான் அவரு முகமே மாறிட்டு. பழச ஒனக்குன்னே ஒதுக்கிட்டாரு.”

“மத்த பிள்ளையள, கீயப் பாக்காத, கீயப் பாக்காதன்னு திட்டிக்கிட்டே இருந்தாரே, கேட்டீங்களா மதினி? எனக்கு அந்தத் திட்டு விழாது.”

மதினி சிரித்தாள். சேலைத் தலைப்பால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

இலஞ்சி விலக்கில் கண்டக்டர் கயிற்றை இழுக்க, மணி டிங்கென்றது. அந்தப் பெண்ணின் இடது கை எழுந்து காற்றில் எதையோ வலப்பக்கம் தள்ளியது.

“வரி முடிஞ்சிட்டு மதினி. எறங்குவோம்.”